நாய், பூனைகளின் மூட்டு வலி: நொண்டலைக் கவனிப்பது முதல் அறுவை சிகிச்சைக்குப் பின் நடக்க வைப்பது வரை

முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு பழைய வீடு. மாடிப்படி செங்குத்தாக ஏறும். காலையில் துணி காயப்போட நான் மாடிக்குப் போனால், ஜிம்மி எனக்கு முன்னால் ஓடிப்போய் மேலே நிற்கும். ஏழு வயது லாப்ரடார், பெண் நாய். ஒருநாள் மூன்றாவது படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் மெதுவாக இறங்கிப் போய்ப் படுத்துக்கொண்டது. "அதுக்கும் வயசாகுது இல்ல" என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான்கு மாதம் கழித்துப் பார்த்த டாக்டர், என் இரண்டு கைகளையும் அதன் இரண்டு பின்தொடைகளிலும் வைக்கச் சொன்னார். "ரெண்டும் ஒண்ணா இருக்கா, பாருங்க." இடது தொடை கை நிறைய இருந்தது. வலது தொடை சூம்பிப் போயிருந்தது. இத்தனை நாளும் அந்தக் காலில் பாரம் போடாமல் மற்ற மூன்று காலில் சமாளித்திருக்கிறது. தினமும் சோறு வைத்த எனக்கு அது தெரியவில்லை.

முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, நன்றாகவும் முடிந்தது. ஆனால் மேசையில் நடந்த அந்த இரண்டு மணி நேரத்தைவிட, அதற்கு முன் நான் தவறவிட்ட நான்கு மாதமும், அதற்குப் பின் வீட்டுத் தரையில் கழிந்த மூன்று மாதமும்தான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தன. புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் நாய், பூனை வளர்ப்பவர்களுக்காக அதை வரிசையாக எழுதுகிறேன். மருந்தின் அளவு மட்டும் எங்கேயும் இருக்காது. எடை, வயது, சிறுநீரகம், ஈரல் எல்லாம் பார்த்து டாக்டர் எழுதித் தர வேண்டியது அது.

படி 1: வலி இருக்கிறதா என்று பார்ப்பது

நாய் வலியில் கத்தும் என்று காத்திருக்காதீர்கள். நாள்பட்ட மூட்டு வலியில் பெரும்பாலான நாய்கள் சத்தமே போடாது. தூங்கி எழும்போது முதல் பத்து அடி விறைப்பாக இருக்கும், நடக்க நடக்கச் சரியாகிவிடும். அதனால்தான் நாமும் விட்டுவிடுகிறோம். பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி எகிறி ஓடுவது, உட்காரும்போது ஒரு காலை வெளியே தள்ளி வைப்பது, ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருப்பது, ராத்திரியில் இடம் மாறி மாறிப் படுப்பது, தொட்டால் புதிதாக உறுமுவது, இவை எல்லாமே வலியைச் சொல்பவைதான்.

எந்தக் கால் என்று தெரியவில்லையா? நாயை ஒருவர் நடத்திக்கொண்டு வர, நீங்கள் எதிரில் நின்று தலையைப் பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். பின்னங்கால் என்றால் பின்னாலிருந்து இடுப்பைப் பாருங்கள். வலிக்கிற பக்கம் அதிகமாக ஏறி இறங்கும். இதைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், பக்கவாட்டிலிருந்தும் ஒன்று. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் பயத்தில் நொண்டல் காணாமல் போய்விடும். அப்போது டாக்டருக்கு அந்த வீடியோதான் சாட்சி.

பூனை இன்னும் அழுத்தமானது. அது நொண்டாது, தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும். முன்பு தரையிலிருந்து ஒரே தாவலில் பிரிட்ஜ் மேல் ஏறியது, இப்போது முதலில் ஸ்டூல், அப்புறம் மேசை, அப்புறம் பிரிட்ஜ் என்று ஏறும். கொஞ்ச நாளில் ஸ்டூலோடு நின்றுவிடும். முதுகின் பின்பகுதியை நக்கிச் சுத்தம் செய்ய வளைய முடியாமல் அங்கே முடி சிக்குப் பிடிக்கும். நகம் தேயாமல் வளர்ந்து சுருளும். மண் தட்டின் விளிம்பைத் தாண்ட முடியாமல் பக்கத்திலேயே அசிங்கம் செய்துவிடும். நாம் திமிர் என்று நினைத்துத் திட்டுவோம். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது, 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. கிழட்டுப் பூனை வைத்திருக்கும் எல்லோரும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூனையின் முகத்தைப் பார்த்தே வலியை மதிப்பிட மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தினர் 2019இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை நிற்கும் உயரம் என்று ஐந்து இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 10. காது பக்கவாட்டில் சரிந்து விரிந்திருந்தால், கண் பாதி மூடி இடுங்கியிருந்தால், மூக்கு வாய்ப் பகுதி இறுகியிருந்தால், மீசை விறைத்து முன்னால் நீட்டியிருந்தால், தலை தோளுக்குக் கீழே தொங்கினால் மதிப்பெண் ஏறும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் வலி மருந்து தேவை என்று அர்த்தம். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பூனைக்கு இது ரொம்பவும் பயன்படும். தூங்கும்போது பார்த்து ஏமாறாதீர்கள், விழித்திருக்கும்போது தூரத்தில் நின்று பாருங்கள்.

படி 2: டாக்டரிடம் போகும்வரை எதைக் கொடுக்கக் கூடாது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதிதான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் அத்தை வீட்டில் வெள்ளச்சி என்று ஒரு பூனை இருந்தது. மதில் மேலிருந்து விழுந்து காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. பாவம் என்று அத்தை பாராசிட்டமால் மாத்திரையில் பாதியை நுணுக்கிப் பாலில் கலந்து கொடுத்தார். சாயங்காலத்துக்குள் அதன் முகமும் பாதங்களும் வீங்கின. ஈறு காபித்தூள் நிறத்துக்கு மாறியது. மறுநாள் காலையில் உயிர் இல்லை. கால் அடிபட்டதால் பூனை சாகவில்லை. அத்தை இன்றுவரை வேறு பூனை வளர்க்கவில்லை.

பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் நொதி நம் ஈரலில் இருக்கிறது. பூனையின் ஈரலில் அது மிகக் குறைவு. அதனால் மருந்து நஞ்சாக மாறி, ரத்தச் சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடுகிறது. கொடுத்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. கொடுத்ததை மறைக்க வேண்டாம். மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள்.

நாய்க்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின், நாப்ராக்சென் போன்ற மனிதர்களின் வலி மாத்திரைகள் குடலில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். தலைவலித் தைலம், மூட்டு வலிக் களிம்பு எதையும் தடவாதீர்கள். அதிலிருக்கும் கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் நக்கும்போது வயிற்றுக்குள் போகும். வலிக்கிற இடத்தைத்தான் அவை முதலில் நக்கும். எலும்பு முறிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் எண்ணெய் போட்டு நீவுவதும் வேண்டாம், மூங்கில் பத்தை வைத்து நாமே கட்டுவதும் வேண்டாம். இறுக்கிக் கட்டிய கட்டுக்குக் கீழே ரத்த ஓட்டம் நின்று பாதம் அழுகிப்போன தெரு நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடிபட்ட நாயைத் தூக்க ஒரு பலகையோ, கெட்டியான பெட்ஷீட்டோ போதும். நாலு மூலையையும் பிடித்துச் சமமாகத் தூக்குங்கள். வலியில் சொந்த நாயும் கடிக்கும், அதனால் துப்பட்டாவை வாயைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். மூச்சு வாங்கினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும். பூனையைத் துண்டில் சுற்றி, மூடியுள்ள கூடையில் வையுங்கள். மடியில் வைத்து ஸ்கூட்டரில் போகவே கூடாது.

படி 3: உடனே போக வேண்டியவை எவை

சாதாரண நொண்டலுக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். காத்திருக்கக் கூடாதவை வேறு: காலை ஊன்றவே முடியாதது, எலும்பு வெளியே தெரிவது, ஈறு வெளுத்துப்போவது, விபத்துக்குப் பின் சிறுநீர் கழிக்காதது.

இரண்டு நிலைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். டாக்ஸ்ஹண்ட் மாதிரி நீள முதுகு நாய் திடீரென்று பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்தால், அது முதுகெலும்பு வட்டு பிதுங்கியதாக இருக்கலாம். அங்கே மணிக்கணக்கு முக்கியம். பூனை திடீரென்று அலறி, இரண்டு பின்னங்காலும் செயலிழந்து, தொட்டால் பாதம் சில்லென்று இருந்தால், எங்கேயோ விழுந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இதய நோயால் உருவான ரத்தக்கட்டி காலுக்குப் போகும் ரத்தக் குழாயை அடைத்திருக்கலாம். வலியிலேயே கொடிய வலி அது.

படி 4: எங்கே போவது, என்ன எடுத்துப் போவது

முதல் பரிசோதனைக்குப் பக்கத்திலிருக்கும் கால்நடை மருந்தகமோ, நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரோ போதும். எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சை என்று வரும்போது, குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவமனை நமக்குப் பெரிய வசதி. கடலூர்க்காரர்களுக்கும் அது பக்கம்தான். அங்கே முடியாதது என்றால் சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி. கல்லூரி மருத்துவமனைகளில் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். மாணவர்கள் சுற்றி நிற்பார்கள். நாய் மிரளும் என்றால் பழைய போர்வை ஒன்றை எடுத்துப் போங்கள், வீட்டு வாசனை அதற்குத் தெம்பு.

கையில் இருக்க வேண்டியவை: வீடியோ, தடுப்பூசிப் புத்தகம், இதுவரை கொடுத்த மருந்துகளின் அட்டைகள், எப்போது ஆரம்பித்தது என்று எழுதிய ஒரு தாள். வாயால் சொன்னால் மறந்துவிடும். நான் முதல் தடவை "கொஞ்ச நாளா" என்று மட்டும் சொன்னேன். அது டாக்டருக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்ப்பார். முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தால், தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு கீழ்க்கால் எலும்பை முன்னால் தள்ளும்போது மேசை இழுப்பறை மாதிரி நகரும். நல்ல எக்ஸ்ரே எடுக்கத் தசை தளர வேண்டும், அதற்குச் சில சமயம் லேசான மயக்க ஊசி போடுவார்கள். பயப்பட வேண்டாம்.

நம் கடலோரச் சூட்டில் ஒரு விஷயத்தைக் கேட்காமல் வராதீர்கள்: உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று. பழுப்பு உண்ணி கடித்துப் பரவும் எர்லிச்சியா கிருமி மூட்டுகளையும் வீங்க வைக்கும். இன்று ஒரு கால், நாளை இன்னொரு கால் என்று நொண்டல் மாறினால், சோறு இறங்காமல் காய்ச்சலும் இருந்தால், அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்கு டாக்சிசைக்ளின் போன்ற மருந்து, கத்தி தேவையில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். அது தெரியாமல் அறுவை சிகிச்சைக்குப் போனால் ரத்தம் நிற்காது. ஜிம்மிக்குத் தட்டணு குறைவாக இருந்தது. நான்கு வாரம் மாத்திரை கொடுத்துத் தேற்றிய பிறகுதான் தேதி குறித்தார்கள்.

படி 5: என்ன பிரச்சினை, கத்தி வேண்டுமா

முழங்கால் ஜவ்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நாய்கள் நொண்டுவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று அது. மனிதர்களுக்குக் கால்பந்து விளையாடும்போது ஒரே முறுக்கில் கிழியும். நாய்க்குப் பெரும்பாலும் மாதக்கணக்கில் நார் நாராக நைந்து, கடைசியில் ஒருநாள் சோபாவிலிருந்து குதிக்கும்போது அறுந்துபோகும். "நேத்து குதிச்சதுல ஆயிடுச்சு" என்று நாம் சொல்வது கடைசி நாளை மட்டும்தான். ஒரு முழங்கால் போன நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு அடுத்த முழங்காலும் பின்னால் போய்விடுகிறது. சிகிச்சைக்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டால் செலவுக்கும் மனதுக்கும் தயாராக இருக்கலாம்.

15 கிலோவுக்குக் குறைந்த நாய் என்றால் ஓய்வு, எடைக் குறைப்பு, வலி மருந்து ஆகியவற்றாலேயே ஓரளவு தேறிவிடும். பெரிய நாய்க்குப் பொதுவாக அறுவை சிகிச்சைதான் நல்லது. ஒரு முறையில் மூட்டுக்கு வெளியே உறுதியான நைலான் இழை போட்டு, ஜவ்வு செய்த வேலையை அதைச் செய்ய வைப்பார்கள். இன்னொன்று டி.பி.எல்.ஓ. கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதியை வளைவாக அறுத்து, சரிவு குறையும்படி திருப்பி வைத்து, தகடும் திருகும் போட்டு நிறுத்துவார்கள். அப்புறம் அந்த ஜவ்வு இல்லாமலே முழங்கால் உறுதியாக நிற்கும். இதற்குத் தனிப் பயிற்சியும் தனிக் கருவியும் வேண்டும், செலவும் கூடுதல். "இதை நீங்க அடிக்கடி பண்றதுண்டா டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பொமரேனியன், பக் மாதிரிச் சின்ன நாய்களுக்கு முழங்கால் சில்லு இடம் மாறும். ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நாலு அடி மூன்று காலில் கெந்தும், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலைக்குப் பெரும்பாலும் கவனிப்பு போதும், மூன்று, நான்குக்கு அறுவை சிகிச்சை.

இடுப்பு மூட்டுத் தளர்வு லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய நாய்களின் பரம்பரைச் சொத்து. குட்டி வாங்கும்போது தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். நம் ஊரில் யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் எடுப்பதும் இல்லை. தொடை எலும்பின் பந்தை எடுத்துவிடும் எஃப்.ஹெச்.ஓ என்ற சிகிச்சை பூனைக்கும் சின்ன நாய்க்கும் ஆச்சரியப்படும் அளவுக்குப் பலன் தரும். பந்து இருந்த இடத்தில் தசையும் நாரும் சேர்ந்து ஒரு போலி மூட்டு உருவாகிவிடும். பெரிய நாயில் அந்த அளவுக்குப் பலன் வராது.

பால் சோறு மட்டும், அல்லது எலும்பில்லாத கோழிக்கறி மட்டும் தின்று வளர்ந்த குட்டிகளின் எலும்பு கால்சியம் இல்லாமல் மெலிந்து, கட்டிலிலிருந்து குதித்தாலே முறிந்துவிடும். அதற்குத் தகடு போட்டால் திருகு நிற்காது, முதலில் உணவைச் சரி செய்ய வேண்டும். இதற்கு நேர் மாறாக, நல்ல பாக்கெட் உணவு தின்னும் பெரிய சாதிக் குட்டிக்குக் கூடுதலாகக் கால்சியம் சிரப் ஊற்றுவதும் எலும்பைக் கோணலாக்கும்.

சில முறிவுகளில் காலையே எடுக்க வேண்டி வரும். கேட்டதும் நெஞ்சு பதறும். ஆனால் மூன்று காலில் நாய்களும் பூனைகளும் ஓடுவதைப் பார்த்தால் நம் பதற்றம் அடங்கிவிடும்.

படி 6: வலி மருந்துகளைப் புரிந்துகொள்வது

நாய்க்குப் பெரும்பாலும் எழுதுவது மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென், ஃபைரோகாக்சிப் வகை மருந்துகள். நன்றாக வேலை செய்பவை. சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வாந்தி, கருப்பு மலம், சாப்பிட மறுப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். மாதக்கணக்கில் கொடுப்பதானால் ஈரல், சிறுநீரகப் பரிசோதனை அவ்வப்போது தேவை.

இந்த வகை இரண்டை ஒன்றாகக் கொடுக்கக் கூடாது. பிரெட்னிசலோன், டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டோடும் சேர்க்கக் கூடாது. இடையில் சில நாள் இடைவெளி வேண்டும். இங்கேதான் நம் ஊரில் தவறு நடக்கிறது. ஒருவரிடம் ஊசி போட்டுக்கொண்டு, சரியாகவில்லை என்று மறுநாள் இன்னொருவரிடம் போவோம், முதலில் போட்டதைச் சொல்ல மாட்டோம். ஜிம்மிக்கும் அப்படி நடந்தது. முதலில் போன இடத்தில் என்ன ஊசி என்று அவர்களும் எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் வேறிடத்தில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ரத்த வாந்தி. போட்ட ஊசியின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்காமல் இப்போது நான் எங்கேயும் வெளியே வருவதில்லை.

மெலாக்சிகாம் பூனைக்கும் எழுதப்படுவதுண்டு, ஆனால் மிகச் சிறிய அளவில், சிறுநீரகத்தைப் பார்த்துக்கொண்டு. நாய்க்கு வாங்கிய பாட்டிலிலிருந்து பூனைக்கு ஊற்றினால் சிறுநீரகம் போய்விடும். நரம்பு சார்ந்த வலிக்கும், ஆஸ்பத்திரி பயத்துக்கும் கேபாபென்டின் பயன்படுகிறது. மனிதர்களுக்கான சிரப் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு நஞ்சு. மாத்திரையாகவோ கேப்சூலாகவோ வாங்குங்கள். டிராமடால் நம்மிடம் வேலை செய்கிற மாதிரி நாயிடம் வேலை செய்வதில்லை. அது ஒன்றை மட்டும் நம்பி எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டுக்கு அனுப்பினால், வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்குக்கு இந்தியாவில் 2006இல் தடை வந்தது. அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக அழிந்ததுதான் காரணம். ஒரு வலி மருந்து வேறொரு உயிரின் உடம்பில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

குளுக்கோசமைன் மாத்திரை பற்றி எல்லோரும் கேட்பார்கள். பலன் உறுதியாக நிரூபணம் ஆகவில்லை. கெடுதலும் பெரிதாக இல்லை. கையில் பணம் குறைவு என்றால் அதை விட்டுவிட்டு மீனுக்குச் செலவு செய்யுங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

படி 7: அறுவை சிகிச்சைக்கு முன்

தேதி குறித்ததும் கேட்க வேண்டியவை: மயக்கம் ஊசியிலா, வாயுவிலா? மூச்சுக்குழாயில் குழாய் போடுவார்களா? மயக்கத்தில் இருக்கும்போது இதயத் துடிப்பையும் ஆக்சிஜனையும் பார்க்க ஒரு ஆள் தனியாக இருப்பாரா? கத்தி வைப்பதற்கு முன்பே வலி மருந்து ஏற்றுவார்களா? வலி வந்த பிறகு அடக்குவதைவிட, வருவதற்கு முன் தடுப்பது சுலபம். நரம்பு மரத்துப்போக ஊசி போட்டால் மயக்க மருந்தின் அளவும் குறையும். செலவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மறுபரிசோதனை எக்ஸ்ரேயையும் சேர்த்து.

பக், பெர்சியன் பூனை மாதிரி மூக்கு சப்பையானவை மயக்கத்திலிருந்து எழும்போது மூச்சுத் திணறக்கூடும். அவற்றை அன்று மாலை முழுக்கக் கண்காணிக்க ஆள் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

வளர்ந்த நாய், பூனைக்குப் பொதுவாக 6 முதல் 8 மணி நேரம் சாப்பாடு இல்லாமல் இருக்கச் சொல்வார்கள். தண்ணீரைக் கிளம்பும்வரை விடலாம் என்பார்கள். குட்டிகளுக்கு அவ்வளவு நேரம் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்பதைக் குட்டியின் வயதைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். காலையில் பேப்பர் படித்துக்கொண்டே தாத்தா கொடுக்கும் ஒரு பிஸ்கட் போதும், மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும்.

ஒரு நாள் முன்பே குளிப்பாட்டி, உண்ணி பார்த்து, நன்றாகக் காய வைத்துவிடுங்கள். தையல் பிரிக்கும்வரை குளியல் கிடையாது.

படி 8: முதல் இரவு

தள்ளாடும், முனகும், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். மயக்க மருந்தால் வரும் முனகலும் உண்டு, வலியால் வரும் முனகலும் உண்டு. பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தடவினால் அடங்கினால் முன்னது, தடவியும் அடங்காமல் மூச்சிரைத்துக்கொண்டே இருந்தால் பின்னதாக இருக்கலாம். டாக்டருக்குப் போன் போடுங்கள், நேரம் பார்க்காதீர்கள். ஃபேனுக்கு நேர் கீழே படுக்க வைக்க வேண்டாம், உடம்பு ஏற்கெனவே சில்லிட்டிருக்கும். தெளிவாக விழுங்க ஆரம்பித்த பிறகு கொஞ்சம் தண்ணீர், அப்புறம் வழக்கமான சாப்பாட்டில் கால் பங்கு.

பூனை இரண்டு நாள் தொடர்ந்து சாப்பிடவில்லை என்றால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகிவிடும். குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். மீனை வேகவைத்துச் சுடச்சுட மோப்பம் காட்டுங்கள்.

படி 9: வீட்டில் மூன்று மாதம்

முதல் வேலை தரை. நம் வீடுகளில் எல்லாம் டைல்ஸ், மொசைக். ஜிம்மி முதல் நாள் எழுந்தபோது நான்கு பாதமும் நாலா பக்கம் வழுக்கிப் போயிற்று. நகம் கீறிக்கொண்டே போகும் அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அன்று மாலையே அரிசி மூட்டைக் கோணிப்பைகளைத் துவைத்து, படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை, அங்கிருந்து வாசல்வரை பாதை மாதிரி விரித்தேன். ஓரங்களை டேப் போட்டு ஒட்டினேன். கயிற்று மிதியடியும் நல்லது. பாதத்தின் அடியில் வளர்ந்திருக்கும் முடியை வெட்டுங்கள், நகத்தையும் குறையுங்கள்.

அடுத்து, இடத்தைச் சுருக்குவது. கூண்டு இல்லை என்றால் அறையின் ஒரு மூலையைப் பிளாஸ்டிக் நாற்காலிகளால் அடைக்கலாம். மூன்றாம் வாரத்தில் நாய் "எனக்கு ஒன்றுமில்லை" என்று குதிக்க ஆரம்பிக்கும். அதுதான் மிக ஆபத்தான வாரம். வலி போய்விடும், எலும்பு கூடியிருக்காது. எலும்பு கூட 8 முதல் 12 வாரம் ஆகும். எக்ஸ்ரேயில் கூடியது தெரியும்வரை மாடிப்படி, சோபா, இன்னொரு நாயோடு விளையாட்டு எதுவும் இல்லை. வாசலில் பால்காரர் மணி அடித்தால்கூடக் கழுத்துக் கயிறு கையில் இருக்க வேண்டும்.

முதல் மூன்று நாள் ஐஸ் ஒத்தடம். துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. வீக்கம் வடிந்த பின் வெந்நீர் ஒத்தடம், உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூட்டைப் பார்த்த பிறகு. கழிப்பறை வேலைக்கு வெளியே கூட்டிப் போகும்போது, குளியல் துண்டை நீளமாக மடித்து வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடியுங்கள். பின்பாரம் உங்கள் கைக்கு வரும். பெரிய நாய் என்றால் இடுப்பு உங்களுக்கும் வலிக்கும், இருவர் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து, டாக்டர் சொன்ன பிறகு, ஐந்து நிமிட நடை. கயிற்றோடு, மெதுவாக, காலை ஊன்றும் வேகத்தில். வேகமாக நடந்தால் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் போய்விடும், அதில் பயனில்லை. வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டலாம். எஃப்.ஹெச்.ஓ மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதில் சீக்கிரமே காலை அசைத்துப் பயன்படுத்த வைக்க வேண்டும், இல்லையென்றால் போலி மூட்டு இறுகிவிடும்.

கூம்புக் காலரைப் பாவம் என்று கழற்றாதீர்கள். ஐந்து நிமிடம் போதும், தையலைப் பிரித்துவிடும். 10 முதல் 14 நாளில் டாக்டர் தையலைப் பிரிப்பார். அதுவரை காயத்தில் மஞ்சள், வேப்பெண்ணெய், காபித்தூள் எதுவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சிகிச்சை நடந்தால் கட்டு நனையாமல் பார்ப்பதே பெரிய வேலை. பாதத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பை மாட்டி வெளியே கூட்டிப் போய், உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் விட்டால் உள்ளே வியர்த்துப் புழுங்கிச் சீழ் வைக்கும்.

கடற்கரைக்கு எப்போது என்று கேட்பீர்கள். எலும்பு கூடிய பிறகு, அலை ஈரமாக்கிய கெட்டி மணலில் மட்டும், விடியற்காலையில். கால் புதையும் காய்ந்த மணல் மூட்டை முறுக்கும். அலைக்குள் இறக்க வேண்டாம், நம் கடல் இழுவை நாய்க்கும் இழுவைதான்.

படி 10: கத்தி இல்லாமலே ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டியது

மூட்டுக்கு எடையைக் குறைப்பதைவிட நல்ல மருந்தை நான் பார்க்கவில்லை. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாக வைத்து, ஒன்றுக்கு அதன் ஜோடி சாப்பிட்டதில் 25 சதவீதம் குறைத்துக் கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக 13 வயதுவரை இருந்தன, மற்றவை 11.2. மூட்டுத் தேய்மானமும் குறைவாகச் சாப்பிட்டவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

உங்கள் நாய் குண்டா என்று பார்க்க, புறங்கையை மறு கை விரலால் தடவுங்கள். விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் சரி. உள்ளங்கையைத் தடவுவது மாதிரி மெத்தென்று இருந்தால் எடை அதிகம். ஜிம்மி 36 கிலோ இருந்தது. எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பிஸ்கட், இட்லியின் ஓரம், தயிர் சாதத்தின் மிச்சம். யாரும் நிறையக் கொடுக்கவில்லை, எல்லோரும் கொடுத்தோம். இப்போது ஒரு டப்பாவில் காலையிலேயே அன்றைய அளவைப் போட்டு வைக்கிறோம், யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான்.

வாரம் இரண்டு மூன்று நாள் மத்தி மீன். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்துக் கொடுங்கள். மூட்டு அழற்சியைக் குறைக்கும் ஒமேகா-3 கொழுப்பு அதில் நிறைய. கடலூர் துறைமுகத்திலும் புதுச்சேரி மார்க்கெட்டிலும் மலிவாகக் கிடைப்பது.

பெரிய சாதி நாய்க்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையை ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டுக் கோளாறு அதிகமாகிறது என்று கோல்டன் ரெட்ரீவர்களில் கண்டிருக்கிறார்கள். எந்த வயதில் செய்யலாம் என்று உங்கள் டாக்டரோடு பேசி முடிவெடுங்கள்.

பூனைக்கு மண் தட்டின் ஒரு பக்க விளிம்பை வெட்டித் தாழ்த்துங்கள். பிடித்த சன்னலுக்குக் கீழே ஒரு மரப்பெட்டி, அதற்குக் கீழே ஒரு மனைப்பலகை. மூன்று சின்னப் படியில் அது தன் இடத்துக்குப் போய்விடும்.

கடைசியாக, ஒரு தையற்காரர் டேப்பும் காலண்டரும். மாதம் ஒரு முறை எடை, இரண்டு தொடைகளின் சுற்றளவு. நாய் நின்றிருக்கும்போது, தொடையின் மேல்பகுதியில், ஒரே இடத்தில், ஒரே ஆள் அளக்க வேண்டும். அறுவை சிகிச்சையன்று ஜிம்மியின் இடது தொடை 38 சென்டிமீட்டர், வலது 33. மூன்றாம் மாதம் 38, 35. ஆறாம் மாதம் எடை 30 கிலோவுக்கு வந்தபோது இரண்டுமே 37. அன்று காலை அது மாடிப்படியின் மூன்றாவது படியில் நின்றது. நான் கயிற்றை விடவில்லை. சேர்ந்தே மெதுவாக ஏறினோம்.